தவான் வகுத்த ஆராய்ச்சிப் பயிற்சி

நீரும் காற்றும் ஓடும் முறையை ஆராய்வது பாய்ம இயக்கவியல். அதில் டாக்டர் பட்டம் பெற விழைவோருக்கு ஏட்டுக் கணிதம் மட்டும் போதுமா? செயலால் விடை தந்தவர் சதீஷ் தவான்.

கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில், ஓடும் காற்று தகட்டை உரசி இழுக்கும் விசையை நேரடியாக அளந்து, 1951இல் டாக்டரானார். அவ்வாண்டே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியரானார். ஒலியை விஞ்சும் காற்றுச் சுரங்கம் ஒன்றை அங்கே அமைத்தார். காற்றுப் பாயும் அதன் வாய் 1 அங்குலத்துக்கு 3 அங்குலமே. நமது கோல சிலாங்கூர் வாய்க்கால் மதகுகள் அதனினும் பன்மடங்கு பெரியவை!

சீரான ஓட்டம் கொந்தளிப்பாக மாறுவதைப் பற்றி, மாணாக்கர் ரொத்தம் நரசிம்மாவுடன் அவர் எழுதிய கட்டுரை 1958இல் வெளிவந்தது. பின்னர் நரசிம்மாவும், தவானுக்குக் கற்பித்த லீப்மனிடமே பயின்று 1961இல் டாக்டரானார். மாணாக்கரைக் கடல் கடந்து அனுப்புவது எளிது. திரும்பி வந்து கற்பிக்க இடம் வைத்திருப்பதே அரிது என்பேன். நரசிம்மா 1962இல் பெங்களூருக்கே திரும்பினார். அவ்வாண்டில் கழகத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்றிருந்தார் தவான்.