வருகைப்பதிவுக்கு மதிப்பெண்: யாருடைய நேரம் அளக்கப்படுகிறது?

கல்லூரி மதிப்பெண் மாணவர் கற்றதை மட்டும் அளக்க வேண்டுமா, அவரது வருகையையும் முயற்சியையும் சேர்த்து அளக்க வேண்டுமா என்பது பழைய விவாதம். திருவள்ளூர் மாவட்டத்தில் அவ்விவாதம் சாதியையும் உழைப்பையும் தொடாமல் முடிவதில்லை.

விதிகள்

பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி உள்ளிட்ட சென்னைப் பல்கலைக்கழக இணைவுக் கல்லூரிகளில் இளநிலைப் பாடங்களுக்கு அகமதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75 எனப் பகுக்கப்பட்டது. தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். 65 விழுக்காட்டிற்குக் குறையாதவர் ‘கண்டோனேஷன்’ கட்டணம் செலுத்தி எழுதலாம். அதற்கும் குறைந்தால் அப்பருவத் தேர்வை எழுத இயலாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 ஒழுங்குமுறை இன்னும் ஒரு படி சென்றது. அகமதிப்பீட்டின் 20 மதிப்பெண்களில் 5 வருகைக்கு ஒதுக்கப்பட்டது. 96 விழுக்காடும் அதற்கு மேலும் வந்தவருக்கே முழு மதிப்பெண்.

வருகை எதை அளக்கிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு, புறநகர் ரயிலில் கல்லூரிக்கு வரும் மாணவரைக் கருதுக. செங்கல் சூளைப் பருவத்தில் பெற்றோருடன் இடம்பெயரும் இருளர் மாணவியைக் கருதுக. இவர்கள் வராத நாள்கள் சோம்பலின் கணக்கல்ல, கூலியின் கணக்கு. பதிவேடு இவ்வேறுபாட்டை அறியாது. வறுமையால் வர இயலாதவரிடமே கண்டோனேஷன் கட்டணமும் கேட்கப்படுகிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிகளும் அனுமதியற்ற ஒழுங்கற்ற வருகையை உதவித்தொகை ரத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தன. ஒரே குறை மும்முறை தண்டிக்கப்படுகிறது.

முயற்சியை அளப்பவர் யார்?

வருகையையாவது எண்ணிவிடலாம். ‘முயற்சி’, ‘ஈடுபாடு’ ஆகியவை ஆசிரியரின் கணிப்பைச் சார்ந்தவை. ரெமா ஹன்னா, லிண்டன் ஆகியோர் இந்தியாவில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாள்களின் முகப்பில் சாதி விவரம் தற்செயல் முறையில் மாற்றி எழுதப்பட்டது. ‘கீழ்ச்சாதி’ என்று குறிக்கப்பட்ட தாள்கள் சற்றே குறைந்த மதிப்பெண் பெற்றன. எழுதிய விடைக்கே இந்நிலை எனில், எழுதப்படாத ‘ஈடுபாட்டுக்கு’ என்ன பாதுகாப்பு? எய்ம்ஸ் குறித்து 2007இல் அறிக்கை அளித்த சுகதேவ் தோரட் குழுவும் செய்முறை, வாய்மொழித் தேர்வுகளில் பாகுபாடு நிலவுவதாகப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் கூறியதைப் பதிவு செய்தது.

மறுபக்கம்

வகுப்பு தேவையற்றது என்பது இதன் பொருளன்று. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத முதல் தலைமுறை மாணவருக்கு வகுப்பறையே முதன்மைத் துணை. ஒரே இறுதித் தேர்வில் அனைத்தையும் முடிவு செய்வதும் அவருக்கு நன்மையன்று. வருகைப்பதிவு வேண்டும், ஆனால் அது உதவி தேவைப்படுபவரைக் கண்டறியும் கருவியாக இருக்க வேண்டும்.

வருகைக் குறைவால் தேர்வெழுத அனுமதி மறுக்கப்பட்ட சட்ட மாணவர் ஒருவர் 2016இல் உயிரிழந்ததை அடுத்து எழுந்த வழக்கில், அக்காரணத்திற்காகச் சட்ட மாணவர் எவரையும் தேர்விலிருந்து தடுக்கக் கூடாது என 2025 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், வருகை குறைந்தவரின் இறுதி மதிப்பெண்ணை ஓரளவு குறைக்க அது இடமளித்தது. தடை நீங்கினாலும் தண்டனை மதிப்பெண்ணுக்குள் நீடிக்கிறது.

கோர வேண்டியவை

அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைப் பகுதிவாரியாக, பருவத் தேர்வுக்கு முன்பே வெளியிடுதல். அதன் மீது முறையிட வழி அமைத்தல். உழைக்கும் மாணவருக்குக் கண்டோனேஷன் கட்டண விலக்கும் மாற்று வகுப்பும் அளித்தல். தொடர்ந்து வராதவரைத் தண்டிக்கும் முன் காரணம் கேட்டறிதல். பட்டம் கற்றலுக்குச் சான்று. வேலைக்குச் செல்லாமல் படிக்க முடிந்த வசதிக்குச் சான்றாக அது மாறக் கூடாது.