பனிக்கடலில் தொங்கிய தூளி

தூளியில் உறங்காத தமிழ்க் குழந்தை உண்டோ? அன்னையின் பழஞ்சேலையே நம் முதல் மஞ்சம். நாம் குடியேறி வாழும் இக்கொச்சி நாட்டில் முன்னாளில் செல்வரைத் தோளில் சுமந்து சென்ற மஞ்சலும், தண்டிலே கட்டிய தூளியே ஆகும். வெப்ப நாட்டுக்கு உரிய இப்படுக்கை, கடலும் உறையும் பனி நாட்டிற்குச் சென்ற வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

1492-ஆம் ஆண்டில் பஹாமாத் தீவுகளை அடைந்த கொலம்பஸ், அங்குள்ளோர் பருத்தி வலைகளைக் கட்டி உறங்கக் கண்டார். அத்தீவினர் மொழிச் சொல்லே பின்னர் ஆங்கிலத்தில் ‘ஹாமக்’ என வழங்கலாயிற்று. 1597-இல் ஆங்கிலக் கடற்படை அதனை ஏற்றது. கப்பல் ஆடினும் படுத்தவன் உருளான். பகலில் சுருட்டி வைத்தால் இடமும் மிஞ்சும்.

1819-இல் எட்வர்டு பாரி என்னும் மாலுமி, ஹெக்லா, கிரைப்பர் என்ற இரு கப்பல்களுடன் வடதுருவக் கடலில் புகுந்தார். மெல்வில் தீவருகே பனி அவரைச் சிறைப்படுத்தியது. ஏறத்தாழ மூன்று மாதம் கதிரவன் முகம் காணவில்லை. 1820 பிப்ரவரியில் குளிர் சுழிக்குக் கீழே 48 டிகிரி செல்சியஸ் வரை சென்றது. கப்பலுக்குக் கூரையிட்டு, பக்கங்களில் பனியையே அணையாகக் குவித்தனர். எனினும் உள்ளே வேறொரு பகை இருந்தது. மாந்தரின் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த சுவரில் பட்டு, அதனை ஒட்டிய படுக்கைகளில் பனிக்கட்டியாய்ப் படிந்தன. ஆகவே 1821-இல் தொடங்கிய அடுத்த பயணத்தில் பலகைப் படுக்கைகளை நீக்கித் தூளிகளைத் தொங்கவிட்டனர். சுற்றிலும் காற்று உலவியதால் படுக்கை ஈரமின்றி இருந்தது.

இன்றோ, மேலைநாட்டார் சிலர் ஆழ்பனிக் காடுகளில் மரத்துக்கு மரம் தூளி கட்டி இரவைக் கழிக்கின்றனர். பனித்தரையைச் சமன் செய்யும் வேலை இல்லை. ஆனால் கப்பலுக்குள் நன்மை செய்த காற்றே, வெட்டவெளியில் முதுகின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். கம்பளியை உள்ளே விரித்தால் போதாதோ எனின், போதாது. உடலின் பாரத்தால் அது நசுங்கும். வெப்பம் காக்கும் காற்று அதனின்று நீங்கும். ஆதலின் தூளிக்கு வெளியே, அடிப்புறத்தில், நசுங்காதவாறு மற்றொரு மெத்தையைத் தொங்கவிடுகின்றனர். இதனை மறந்தவனுக்கு உயிரே கேள்விக்குறியாகும்.

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வெப்ப நாட்டுத் தூளி பனி நாட்டிலும் தூளியாகவே நின்றது. அந்நாட்டுக்கு வேண்டிய ஓர் அடுக்கை மட்டும் ஏற்றுக்கொண்டது. திருப்பூணித்துறையில் வளரும் நம் மக்கள் வெளியே மலையாளத்தை நன்கு கற்கட்டும். வீட்டில் தூளியாட்டும் தாலாட்டு மட்டும் தமிழாகவே ஒலிக்கட்டும்!