உருகும் மைத்தூள்

நகல் எடுக்கும் கடையில் கையில் வாங்கிய தாள் இளஞ்சூடாயிருப்பதை நேயர்கள் உணர்ந்திருப்பீர்கள். நகலின் வரலாறு முழுவதும் அந்தச் சூட்டில் அடங்கியிருக்கிறதென்றால் வியப்பாயிருக்கும்.

1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், நியூயார்க் நகரின் அஸ்டோரியா என்னும் பகுதியில் ஒரு வாடகை அறையில் அவ்வரலாறு தொடங்கிற்று. செஸ்டர் கார்ல்ஸன் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் பணியாற்றியவர். ஆவணங்களுக்குப் போதிய பிரதிகள் கிடைக்காமல் சலித்தவர். (அந்தச் சலிப்பை மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்டோர் நன்கறிவர்.) அவரும் உதவியாளர் ஓட்டோ கோர்னையும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினர். அன்றைய தேதியும் அஸ்டோரியா என்னும் பெயரும் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மீது வைத்து ஒளி பாய்ச்சினர். ஒளி பட்ட இடங்களில் மின்னேற்றம் அகன்றது. எழுத்தின் நிழலில் மட்டும் தங்கிற்று. லைக்கோபோடியம் என்னும் செடியின் நுண்தூளைத் தூவி ஊதியதும் எழுத்துகள் தோன்றின. மெழுகுத்தாளை அதன்மேல் அழுத்தி எடுத்துச் சூடாக்கினர். மெழுகு இளகித் தூளைப் பற்றிக்கொண்டது.

பற்றியது மெழுகேயன்றித் தூள் அன்று. சாதாரணத் தாளில் மெழுகு ஏது? 1944-இல் இப்பணியை ஏற்ற ஒஹையோ மாநிலத்துப் பட்டெல் ஆராய்ச்சி நிலையத்தார், தானே உருகி ஒட்டும் பிசின் தூளை உருவாக்க முற்பட்டனர். இங்கேதான் சிக்கல். குறைந்த வெப்பத்தில் இளகும் தூள் கிடங்கிலேயே கட்டியாகிவிடும்; மிகுந்த வெப்பம் வேண்டும் தூளோ தாளையே கருக்கிவிடும். 1959-இல் வெளிவந்த ஜெராக்ஸ் 914 யந்திரத்தில் தாள் சிக்கிக் கருகுவதுண்டு. ஆகவே அதனுடன் சிறு தீயணைப்பானையும் சேர்த்தே அனுப்பினர்!

எனவே தூளைப் பரிசோதிப்பது தனிக் கலையாயிற்று. சில மில்லிகிராம் தூளை ஒரு சிறு கிண்ணத்திலிட்டு, வெறுங்கிண்ணம் ஒன்றுடன் சேர்த்துச் சூடேற்றி, இரண்டும் ஏற்கும் வெப்பத்தின் வேறுபாட்டை அளக்கிறார்கள். கண்ணாடிபோல் இறுகிய பிசின் எவ்வெப்பநிலையில் இளகத் தொடங்குகிறது என்பது அதனால் புலனாகிறது. பெரும்பாலும் 50 முதல் 65 டிகிரி செல்சியஸ். வெதுவெதுப்பான அடுப்பில் வைத்திருந்து, பின்னர் சலித்துக் கட்டி தங்குகிறதா என்றும் பார்ப்பர். அச்சிட்ட தாளில் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து, எழுத்து பெயர்கிறதா என்றும் சோதிப்பர். வண்ணத்திற்கும் வெப்பமே ஆதாரம். மஞ்சள், செந்நீலம், பசுநீலம் ஆகிய தூள்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிகின்றன. அவை முற்றும் உருகி மெல்லேடாகாவிடில் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும்; நிறம் மங்கும்.

ஊர்விட்டு ஊர் மாறும் நம்மவர் சான்றிதழ் நகல்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பெட்டியில் வைப்பது வழக்கம். தில்லியின் ஒரு கோடையில் எனது பட்டச் சான்றிதழின் நகலை உறையிலிருந்து உருவினேன். பல்கலைக்கழகத்தின் பெயர் பாதி உறையோடு போயிற்று! பி.வி.சி. உறையை மென்மையாக்கக் கலக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து மைத்தூளின் பிசினை இளக்கிவிடுகிறது. அதற்குத் தீயும் வேண்டாம், யந்திரமும் வேண்டாம். பெட்டிக்குள் சேரும் வெயிலின் வெம்மை அவ்வேலையை விரைவுபடுத்தும்.