டெக்சாஸ் பாலையில் ஒரு கடல் திட்டு

சென்ற வாரம் டெவோனியக் காலத்துப் பெருந்திட்டுகள் அழிந்ததோடு நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து சுமார் 10 கோடி ஆண்டுகளைத் தாண்டிப் பெர்மியன் காலத்துக்கு வருவோம்.

மேற்கு டெக்சாஸில் கள்ளி முளைத்த வறண்ட நிலத்திலிருந்து குவாடலூப்பே மலை எழுந்து நிற்கிறது. அதன் உச்சி 2,667 மீட்டர். அந்த மாநிலத்தில் அதைவிட உயரமான இடம் கிடையாது. அந்த மலையின் சுண்ணாம்புக்கல் முழுக்கக் கடல் உயிர்கள். சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முன், ஓர் உள்கடலைச் சுற்றிக் குதிரை லாடம் போல 640 கிலோமீட்டர் வளைந்து வளர்ந்த கேப்பிடன் திட்டின் ஒரு துண்டுதான் இன்றைய மலை. இதைக் கட்டியதில் பவளங்களின் பங்கு சொற்பம். உழைப்பெல்லாம் கடற்பஞ்சுகள், சுண்ணாம்பு சுரக்கும் பாசிகள், பிரையோசோவன் என்கிற சிற்றுயிர்க் கூட்டங்கள் ஆகியவற்றுடையது.

வெளிக்கடலுக்கு இருந்த வாசல் அடைபட்டதும் திட்டின் கதை முடிந்தது. வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறியது; ஜிப்சமும் உப்பும் அடுக்கடுக்காகப் படிந்து பள்ளத்தைத் தூர்த்தன. திட்டு அப்படியே புதைந்தது. புதைந்ததால்தான் பிழைத்தது என்றும் சொல்லலாம். வெகுகாலம் கழித்து நிலம் உயர்ந்தது, மேலே கிடந்த மென்படிவுகள் அரித்துப்போயின, திட்டு மறுபடி வெளியே வந்தது. மெக்கிட்ரிக் பள்ளத்தாக்கில் இன்று மலையேறுகிறவர், பழைய கடலடியிலிருந்து திட்டின் சரிவு வழியாக அதன் முகட்டுக்கு ஏறுகிறார். எண்ணெய் நிறுவனங்களின் புவியியலாளர்கள் அங்கே பாடம் படிக்க வருகிறார்கள். பக்கத்துப் படுகைகளில் அவர்கள் தேடும் எண்ணெயும் அதே காலத்துக் கடல்களோடு உறவுடையதுதான்.

ஆனால் இது ஒரு கடலின் சாவு மட்டுமே. அப்போது வேறு கடல்களில் திட்டுகள் வளர்ந்துகொண்டுதான் இருந்தன. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்தது வேறு ரகம். சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்தது. வளிமண்டலத்தில் கரியமிலவாயு குவிந்தது. கடல் சூடேறி மூச்சுக்காற்றை இழந்தது. ரூகோசா, டாபுலேட்டா என்னும் இரு பழைய பவளக் குலங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடுத்த ஒரு கோடி ஆண்டுவாக்கில் பவளம் கட்டிய திட்டு எங்கேயும் கிடைப்பதில்லை. நுண்ணுயிர் மேடுகளும் அங்கங்கே சில கடற்பஞ்சுகளுந்தான்.

டிரயாசிக் காலத்தின் நடுவில் பவளங்கள் மறுபடி வந்தன. ஆனால் இவை அந்தப் பழைய குலங்களின் வாரிசுகள் அல்ல. ஓடே இல்லாத மென்னுடல் மூதாதைகள் பேரழிவைத் தாண்டிவந்து, பிறகு புதிதாகச் சுண்ணாம்பு கட்டப் பழகியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மன்னார் வளைகுடாவில் இன்று திட்டு கட்டுபவை இந்தப் புதுக்குலத்தைச் சேர்ந்தவையே.

(தொடரும்)