பிளஸ் 2 முடிக்கும் முன்பே கல்லூரிப் பாடம் படிக்கலாமா? காரியாபட்டி மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

காரியாபட்டியில் பிளஸ் 1 படிக்கும் ஒரு மாணவி, பள்ளிக்கூடம் போய்க்கிட்டே கல்லூரிப் பாடமும் படிக்க முடியுமா? அப்படிப் படிச்சா அது நாளைக்குப் பட்டத்துல கணக்குல சேருமா? முடியும். ஆனா எதைப் படிக்கிறோம், எந்த வரிசையில் படிக்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். வரிசை மாறினால் கையில் பட்டம் இருந்தும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாத நிலை வரலாம். முழு விவரத்தையும் பார்க்கலாம் வாங்க.

அமெரிக்காவில் எப்படி நடக்குது?

அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் கல்லூரி வகுப்பில் உட்காருவது சாதாரண விஷயம். 1985-ல் மின்னசோட்டா மாநிலம் இதற்கென்றே தனித் திட்டம் கொண்டு வந்தது. பள்ளியின் கடைசி ஆண்டுகளில் இருப்பவர்கள் கல்லூரிக்குப் போய்ப் படிக்கலாம், கட்டணத்தை அரசு பார்த்துக்கொள்ளும். அங்கே எடுக்கும் மதிப்பெண் பள்ளிக் கணக்கிலும் சேரும், கல்லூரிக் கணக்கிலும் சேரும். பிறகு பல மாநிலங்கள் இதே மாதிரி திட்டங்களைத் தொடங்கின.

நம்ம ஊருக்கு இது புதுசா?

முழுசா புதுசுன்னு சொல்ல முடியாது. உங்க தாத்தா காலத்துல 11-ஆம் வகுப்பில்தான் எஸ்.எஸ்.எல்.சி. அதை முடித்ததும் ஓராண்டு பி.யூ.சி. அந்த பி.யூ.சி. நடந்தது பள்ளியில் இல்லை, கல்லூரியில். அதாவது இன்றைக்கு பிளஸ் 2 படிக்கும் வயதில் அன்றைய மாணவர்கள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்த பிறகுதான் அந்தப் படிப்பு பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. 11+1+3 என்று இருந்தது 10+2+3 ஆனது. கூட்டிப் பாருங்க, ரெண்டுமே 15 வருஷம்தான்.

இப்போ பள்ளி, கல்லூரி ரெண்டிலும் ஒரே நேரத்தில் சேரலாமா?

ரெகுலர் மாணவராக முடியாது. பட்டப்படிப்பில் சேர பிளஸ் 2 தேர்ச்சி வேண்டும். கல்லூரியில் சேரும்போது பள்ளியின் மாற்றுச் சான்றிதழை, அதாவது டிசியைக் கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் ரெண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-ல் அனுமதித்தது உண்மைதான். ஆனால் அது பிளஸ் 2 முடித்து கல்லூரியில் இருப்பவர்களுக்கான அனுமதி, பள்ளி மாணவர்களுக்குப் பொருந்தாது.

அப்போ பள்ளியில் இருக்கும்போது என்ன வழி? நாலு வழி இருக்கு.

வழி 1: ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். பட்டம்

2020-ல் தொடங்கப்பட்ட படிப்பு இது. பாடம் டேட்டா சயின்ஸ். இதற்கு ஜேஇஇ தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 11-ஆம் வகுப்பு இறுதித் தேர்வு எழுதிய மாணவர்களே விண்ணப்பிக்கலாம். எந்த குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை. 10-ஆம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும்.

விண்ணப்பித்தால் நான்கு வாரத்துக்குப் பாடம் வரும். ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை என நான்கு பாடங்கள். வாரா வாரம் அசைன்மென்ட் உண்டு. அதில் தேவையான மதிப்பெண் எடுத்தவர்கள் தகுதித் தேர்வு எழுதலாம். தேர்வு மட்டும் நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். இதில் ரேங்க் கிடையாது. தேறிய எல்லோருக்கும் இடம் உண்டு.

பிளஸ் 1 முடித்தவர் இப்போதே தேறிவிட்டால் அந்த இடம் அவருக்காகக் காத்திருக்கும். பிளஸ் 2 பாஸ் ஆனதும் சேர்ந்துகொள்ளலாம். முழுப் பட்டத்துக்கு 142 கிரெடிட். 114 கிரெடிட் முடித்து பி.எஸ்சி. பட்டத்தோடு வெளியே வரலாம். அதற்கு முன்னால் நிறுத்தினாலும், முடித்த கட்டத்தைப் பொறுத்து சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும்.

கட்டணம் பற்றிக் கவலையா? சமூகப் பிரிவையும் குடும்ப வருமானத்தையும் பொறுத்து 75 சதவீதம் வரை சலுகை உண்டு. இது தவிர, அரசுப் பள்ளியில் படித்து ஐஐடி போன்ற உயர் நிறுவனங்களில் சேருவோரின் முதல் பட்டப்படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்தது. இந்தப் படிப்புக்கு அந்த உதவியைப் பெறுவது எப்படி என்று உங்க பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்க.

ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிஞ்சுக்கணும். வகுப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் கஷ்டமாகத்தான் இருக்கும். வீடியோவை நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்பது ஒரு வசதி.

வழி 2: பள்ளி மூலமாக ஐஐடி சான்றிதழ் வகுப்பு

ஐஐடி மெட்ராஸ், பள்ளி மாணவர்களுக்கென்றே ஆன்லைனில் குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புகளை நடத்துகிறது. டேட்டா சயின்ஸ் மற்றும் செயற்கை நுண்ணறிவு, மின்னணு அமைப்புகள் போன்ற பாடங்கள் இருக்கின்றன. மாணவர் தனியாகச் சேர முடியாது. முதலில் பள்ளி பதிவு செய்ய வேண்டும். அதனால் இதில் முதல் அடி எடுத்து வைக்க வேண்டியது தலைமையாசிரியர்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 'அனைவருக்கும் ஐஐடிஎம்' என்ற திட்டமும் 2022-ல் தொடங்கப்பட்டது. உங்க பள்ளி இதில் இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

இந்தச் சான்றிதழ் பட்டத்தில் கிரெடிட்டாகச் சேரும் என்று நினைச்சுக்க வேண்டாம். எந்தப் படிப்பு நமக்கு ஒத்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள இது உதவும்.

வழி 3: காசு இல்லாமல் கல்லூரிப் பாடம்

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது என்.பி.டி.இ.எல். மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் 2017-ல் வந்தது. இரண்டிலும் கல்லூரிப் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி, மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். என்.பி.டி.இ.எல். பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கு.

வழி 4: 10-ஆம் வகுப்போடு பாலிடெக்னிக்

15, 16 வயதிலேயே கல்லூரி வளாகத்துக்குள் போகணும்னா தமிழ்நாட்டில் அதற்குப் பழகிய பாதை பாலிடெக்னிக்தான். 10-ஆம் வகுப்பு முடித்து மூன்றாண்டு டிப்ளமோ. பிறகு லேட்டரல் என்ட்ரி மூலம் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பிளஸ் 2 படித்துவிட்டு பி.இ. முடிக்க 6 வருஷம். டிப்ளமோ வழியாகப் போனாலும் அதே 6 வருஷம். ஒரு வேளை மூன்றாம் வருஷத்தோடு நிறுத்த வேண்டிய சூழ்நிலை வந்தால், வேலைக்குப் போக கையில் ஒரு டிப்ளமோ இருக்கும். மானாவாரி விவசாயத்தை நம்பி இருக்கும் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எங்கே ஏமாந்துடக் கூடாது?

'பிளஸ் 2 வேண்டாம், நேரா டிகிரி வாங்கித் தர்றோம்' என்று யாராவது சொன்னால் உஷாரா இருங்க. பிளஸ் 2 படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கும் பட்டம், பிளஸ் 2 படித்து வாங்கும் பட்டத்துக்குச் சமமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பு சொன்னது. தமிழ்நாடு அரசும் அதே ஆண்டில் இதையொட்டி அரசாணை போட்டது. டிஎன்பிஎஸ்சி அறிவிப்புகளில் 10-ஆம் வகுப்பு, அடுத்து மேல்நிலை அல்லது அதற்கு இணையான படிப்பு, அதற்குப் பிறகு பட்டம் என்ற வரிசை கேட்கப்படுவது இதனால்தான். குரூப் 2, குரூப் 4 கனவோடு இருக்கும் பிள்ளைகள் இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்கவே கூடாது.

கிரெடிட் வங்கின்னு சொல்றாங்களே?

2021-ல் மத்திய அரசு 'கல்விக் கிரெடிட் வங்கி'யைத் தொடங்கியது. 2023-ல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, பள்ளிப் படிப்புக்கும் கிரெடிட் உண்டு என்கிறது. ஒரு கல்வி ஆண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட் என்பது அதன் கணக்கு. ஆனால் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம் இந்த முறையில் நடப்பதில்லை. அதனால் பள்ளியில் படிக்கும்போது முடிக்கும் ஆன்லைன் பாடம் கல்லூரியில் தானாகவே கழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சேரப் போகும் கல்லூரியிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிக்கோங்க.

காரியாபட்டியில் இருந்து எப்படித் தொடங்குவது?

காரியாபட்டிக்கு வடக்கே மதுரை சுமார் 30 கி.மீ. தூரம். மாட்டுத்தாவணியில் இருந்து அருப்புக்கோட்டை போகும் பஸ் இந்த வழியாகத்தான் வருது. அதனால் தேர்வு மையம் மதுரையில் கிடைத்தால் காலையில் கிளம்பிப் போய் எழுதிவிட்டு வந்துவிடலாம். விண்ணப்பிக்கும்போது தேர்வு நகரத்தைக் கவனமாகத் தேர்வு செய்யுங்க.

பிளஸ் 2 முடித்த பிறகு ஆன்லைன் பட்டத்தை மட்டும் நம்பி வீட்டில் இருப்பதா என்பதையும் யோசிங்க. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மாணவர்களுக்கு தமிழ்ப் புதல்வன். தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்களுக்கு புதுமைப் பெண் உதவி கிடையாது. அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ ஒரு கல்லூரியில் ரெகுலராகச் சேர்ந்து, கூடவே ஆன்லைன் பட்டமும் படித்தால் மாத உதவித்தொகையும் கைவிட்டுப் போகாது. ரெண்டு பட்டமும் ஒரே நேரத்தில் படிக்க யுஜிசி அனுமதியும் இருக்கு.

இப்போ பிளஸ் 1-ல் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இதுதான்: முதலில் என்.பி.டி.இ.எல்.-லிலோ ஸ்வயத்திலோ ஒரு இலவசப் பாடத்தை எடுத்து நான்கு வாரம் படிச்சுப் பாருங்க. பள்ளிப் படிப்பு கெடாமல் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுதான்னு அதிலேயே தெரிஞ்சுடும். முடிந்தால் அடுத்ததாகத் தகுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணமும் கடைசி தேதியும் ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால், பணம் கட்டும் முன் ஐஐடி மெட்ராஸின் அதிகாரப்பூர்வ தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்க.