ஆடுபுலி ஆட்டம்: வலிய காய்க்கு எல்லை வகுத்த கதை

ஆடுபுலி ஆட்டம் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக ஆடப்பட்டு வரும், இருவர் ஆடும் கட்ட விளையாட்டு. ஒருவரிடம் 3 புலிகள், மற்றவரிடம் 15 ஆடுகள். புலி வெட்டும், ஆடு வெட்டாது. ஒரு பக்கத்துக்கு மட்டும் இத்தகைய வலிமையைக் கொடுத்துவிட்டு ஆட்டத்தை எப்படி நியாயமாக நடத்துவது என்ற கேள்வி இன்று விளையாட்டு வடிவமைப்பாளர்களின் முதன்மையான கேள்விகளில் ஒன்று. திண்ணையிலும் கோயில் மண்டபத் தரையிலும் கோடு கிழித்து ஆடியவர்கள் இதற்கு முன்பே ஒரு விடை வைத்திருந்தனர்.

பள்ளத்தாக்கும் மேய்ச்சலும்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாடு, மேகமலைக் குன்றுகளுக்கும் இடையே அமைந்தது. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்ட பின் இங்கு நெல்வயல்கள் பெருகின. ஆயினும் மலையடிவார ஊர்களில் கால்நடை வளர்ப்பு அதற்கு மிகவும் முற்பட்ட தொழில். இதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. 2006இல் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டறியப்பட்டன. தமிழகத்தின் மிகத் தொன்மையான எழுத்துடை நடுகற்களாக இவை கருதப்படுகின்றன. அவற்றுள் ஒன்று கூடல் ஊரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில், இறந்துபட்ட ஒருவனின் நினைவாக நடப்பட்டது. கூடலூர் என்ற பெயரில் ஓர் ஊர் பள்ளத்தாக்கின் தென்கோடியில் இன்றும் உள்ளது.

ஆநிரைக்காக உயிரைக் கொடுத்த நிலம் இது. பின்னால் எழும் மலையோ புலி வாழும் காடு. இத்தகைய ஊர்களில் ஆடும் புலியும் எதிரெதிர் நிற்கும் விளையாட்டை எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டமும் விதியும்

கட்டம் ஒரு கூம்பு வடிவம் கொண்டது. உச்சியிலிருந்து 4 கோடுகள் விரிந்து இறங்கும். அவற்றைக் குறுக்கே 3 நீண்ட கோடுகளும் அடியில் ஒரு குறுகிய கோடும் வெட்டும். நீண்ட கோடு ஒவ்வொன்றிலும் 6 புள்ளிகள், அடிக்கோட்டில் 4, உச்சியில் 1; ஆக மொத்தம் 23 புள்ளிகள். ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகள் இருப்பினும் பொது விதிகள் இவை:

புலிகள் முதலில் கட்டத்தில் இடம் பிடிக்கும். ஆடுகள் ஒரு முறைக்கு ஒன்றாக வைக்கப்படும். 15 ஆடுகளும் இறங்கி முடியும் வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலியோ அதற்குள்ளாகவே நகரலாம், வெட்டலாம். புலி தன் பக்கத்துப் புள்ளியில் உள்ள ஆட்டைத் தாண்டி, அதே நேர்கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் அங்கே குதிக்கும். தாண்டப்பட்ட ஆடு கட்டத்தை விட்டு நீங்கும். புலிகள் மூன்றும் நகர வழியின்றி அடைபட்டால் ஆட்டுக்காரர் வென்றார். அடைக்க முடியாத அளவுக்கு ஆடுகள் குறைந்தால் புலிக்காரர் வென்றார்.

சமன் எங்கே இருக்கிறது?

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒருதலைப்பட்சமான ஆட்டம். ஆனால் புலியின் வலிமையைக் குறைக்காமலே அதைச் சுற்றி நான்கு வேலிகள் போடப்பட்டுள்ளன.

முதலாவது, எண்ணிக்கை. 15 ஆடுகளும் 3 புலிகளும் இறங்கியபின் 23 புள்ளிகளில் காலியாக இருப்பவை 5 மட்டுமே. குதிக்க இடம் இல்லாத புலிக்கு வெட்டும் ஆற்றல் இருந்தும் பயனில்லை.

இரண்டாவது, கட்டத்தின் அமைப்பு. பக்கவாட்டு மூலைகளிலும் அடிக்கோட்டின் இரு முனைகளிலும் அமர்ந்த ஆட்டை வெட்ட முடியாது; அதற்கு அப்பால் நேர்கோட்டில் புள்ளியே இல்லை. எனவே தேர்ந்தவர் முதல் ஆடுகளை ஓரத்தில் வைப்பார்.

மூன்றாவது, துணை. ஒரே கோட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஆடுகளைப் புலி அந்தத் திசையில் தாண்ட இயலாது. தனி ஆடு இரை. சேர்ந்த ஆடுகள் சுவர்.

நான்காவது, வெற்றிக்கான வரையறை. ஆடு புலியைக் கொல்ல வேண்டியதில்லை, அடைத்தால் போதும். இரு தரப்பும் ஒரே இலக்கை நோக்கி ஓடவில்லை. அவரவர் வலிமைக்கு ஏற்ற இலக்கு அவரவருக்கு.

இவ்வளவு இருந்தும் ஆட்டுக்காரர் அலட்சியமாக இருக்க முடியாது. ஓர் ஆடு போனால் காலிப் புள்ளி ஒன்று கூடுகிறது. அந்தக் காலியிடமே அடுத்த வெட்டுக்கு வழி செய்கிறது. 5 ஆடுகள் போனால் காலிப் புள்ளிகள் 10. இழப்பு இழப்பைப் பெருக்கும். அதனால்தான் புலி ஒரு முறைக்கு ஓர் ஆட்டைத்தான் வெட்டலாம் என்ற கட்டுப்பாடு முக்கியமாகிறது. தொடர்ந்து பல ஆடுகளைத் தாண்ட விட்டால் ஆட்டுக்காரருக்குத் தவற்றைத் திருத்த அவகாசமே கிடைக்காது.

நேபாளத்தின் சான்று

நேபாளத்தில் ஆடப்படும் பாக்சால் இதன் உறவு விளையாட்டு. அதில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். எல்லாம் இறங்கி, ஓர் ஆடும் வெட்டுப்படாமல் இருந்தால் காலியாக மிஞ்சுவது ஒரே புள்ளி. 5 ஆடுகளை வெட்டினால் புலிக்கு வெற்றி. லிம் இயூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் இந்த ஆட்டத்தைக் கணினி கொண்டு ஆராய்ந்து, இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் முடிவு சமன்தான் என்று நிறுவினர். கணக்குப் போட்டு உருவாக்கப்படாத ஒரு நாட்டுப்புற விளையாட்டு, ஆடி ஆடியே நடுநிலைக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஐரோப்பாவின் நரி-வாத்து ஆட்டத்திலும் இதே சிக்கல் எழுந்தது. ஒரு நரிக்கு எதிராக 13 வாத்துகள் என்றிருந்தது பின்னர் 15, 17 என வேறுபட்டது. வலிய காயைத் தொடாமல் எளியவற்றின் எண்ணிக்கையையும் அவற்றின் நடையையும் மாற்றிச் சமன் தேடினர்.

பிற வழிகள்

சதுரங்கம் வேறு வழியில் சென்றது. பழைய ஆட்டத்தில் அரசனுக்குப் பக்கத்தில் நின்ற மந்திரி மூலைவாக்கில் ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்தார். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினில் அந்தக் காய் எத்திசையிலும் எவ்வளவு தொலைவும் செல்லும் ராணியாக மாறியது. ஆட்டத்தின் வேகம் கூடியது. ஆனால் அதே ராணி எதிரியிடமும் இருந்ததால் நியாயம் கெடவில்லை.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாவது வழியைக் காட்டியது. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் கற்பனை விளையாட்டு அது. அதில் மந்திரவாதிதான் புலி. அவர் எல்லாவற்றையும் செய்துவிட்டால் வாள் வீரராக வந்தவருக்கு மேசையில் வேலை இல்லை. ஆகவே மந்திரவாதிக்கு உடல் வலு குறைவு. பழைய பதிப்புகளில் ஒரு முறை சொன்ன மந்திரம் நினைவிலிருந்து அகன்றுவிடும். நினைத்ததை நடத்தும் ‘விருப்ப’ மந்திரத்துக்கு விலை அதிகம்: பழைய பதிப்பொன்றில் அதைச் சொன்னவருக்கு 3 வயது கூடும், 2014 பதிப்பில் வழக்கமான பயனுக்கு அப்பால் அதைப் பயன்படுத்தினால், மீண்டும் எப்போதும் சொல்ல முடியாமல் போக 33 விழுக்காடு வாய்ப்பு.

ஆக, வலிமையைச் சமன் செய்ய மூன்று வழிகள்: இருவருக்கும் அதையே கொடுப்பது, பயன்படுத்துவதற்கு விலை வைப்பது, எளியவர்க்குத் தனி வலிமை அமைப்பது. ஆடுபுலி ஆட்டம் மூன்றாம் வகை. இங்கே புலி கடைசி வரை புலியாகவே இருக்கிறது.

கட்டத்துக்கு வெளியே

2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது; பின்னர் அத்தடையைப் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் என்ற அளவுக்குச் சுருக்கியது. மலைமாடுகளைக் காட்டுக்குள் ஓட்டிச் சென்று பிழைத்த தேனி மாவட்டத்துக் கிடைக்காரர்களுக்கு இது வாழ்வுப் பிரச்சினை. புலி பிழைக்கக் காடு வேண்டும் என்பதும் உண்மை. மாடு பிழைக்க மேய்ச்சல் நிலம் வேண்டும் என்பதும் உண்மை.

ஆடுபுலி ஆட்டத்தில் ஒரு சுற்று முடிந்ததும் பக்கம் மாறி அமர்வது வழக்கம். புலியாக ஆடியவர் அடுத்து ஆடாக ஆடுவார். விதி சரியாக இருக்கிறதா என்பது அப்போது அவருக்கே தெரிந்துவிடும். மலையடிவாரத்தில் மாடு மேய்ப்பவருக்கு அப்படிப் பக்கம் மாறும் வாய்ப்பு இல்லை. அங்கே விதி வகுப்பவர்கள்தான் இரு பக்கமும் அமர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.