சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளில் முதன்மை நிறப் பெயர்கள்

சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவை வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள். எனினும், நீலத்தையும் பச்சையையும் ஒரே சொல்லால் குறிக்கும் பழைய வழக்கு இம்மூன்றிலும் காணப்படுகிறது. இதனால் இம்மொழிகளின் நிறப்பெயர்களை ஒன்றுக்கொன்று நேர்ச்சொல்லாகக் கொள்ள இயலாது.

முதன்மை நிறங்களின் பெயர்கள்

* சிவப்பு: ஹொங் (சீனம்), அகா (ஜப்பானியம்), பல்கங் (கொரியம்)
* மஞ்சள்: ஹுவாங், கீரோ, நோராங்
* நீலம்: லான், அவோ, பாராங்
* பச்சை: லியூ, மிடோரி, சோரோக்

சீனம்

பண்டைய சீனரின் ஐந்நிறக் கோட்பாட்டில் சிங், சி (சிவப்பு), ஹுவாங் (மஞ்சள்), பாய் (வெள்ளை), ஹெய் (கறுப்பு) ஆகியவை முறையே மரம், தீ, மண், உலோகம், நீர் ஆகியவற்றுடன் தொடர்புடையவை. சிங் என்பது புல்லின் பச்சை, வானின் நீலம், கூந்தலின் கருமை ஆகிய மூன்றையும் குறிக்கும். தற்காலத்தில் நீலத்தைக் குறிக்கும் லான் என்பது, முற்காலத்தில் நீலச்சாயம் தரும் செடியின் பெயராகும்.

ஜப்பானியம்

சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு ஆகிய நான்கின் பெயர்களும் 'இ' விகுதியை நேரடியாகப் பெற்றுப் பெயரடையாகும் (அகாய், அவோய்). மஞ்சளைக் குறிக்கும் 'கி' என்பது, நிறம் எனப் பொருள்படும் 'இரோ' சேர்ந்த பின்னரே இவ்விகுதியை ஏற்கும். மிடோரி இன்றும் பெயர்ச்சொல்லே. இளந்தழைகளும் பச்சை ஆப்பிளும் இன்றும் அவோ எனப்படுகின்றன. 1930 இல் டோக்கியோவின் ஹிபியா சந்திப்பில் போக்குவரத்து விளக்கு நிறுவப்பட்டது. அதன் பச்சை விளக்கை மக்கள் அவோ என்றே அழைத்தனர். 1947 இல் சட்டமும் இப்பெயரை ஏற்றது.

கொரியம்

கொரியத்தில் நிறப்பெயர்கள் வினை போலத் திரிபடையும். உயிரொலி மாறினால் நிறத்தின் சாயல் மாறும்: பல்கத்தா பளிச்சென்ற சிவப்பு, பொல்கொத்தா மங்கிய சிவப்பு. புருதா எனும் சொல் வானுக்கும் கடலுக்கும் புல்வெளிக்கும் பொருந்தும். பச்சையைத் தனித்துக் குறிக்கும் சோரோக், நொக்செக் ஆகிய இரண்டும் சீன வேர் கொண்டவை.

தற்கால வழக்கு

'மூன்று முதன்மை நிறங்கள்' என்னும் கலைச்சொல் (சான்-யுவான்-செ, சான்-கென்-ஷோகு, சாம்-வொன்-செக்) மூன்று மொழிகளுக்கும் பொதுவான சீன எழுத்துக்களால் ஆனது. ஒளியின் முதன்மை நிறங்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்பதால், அறிவியல் வழக்கில் நீலமும் பச்சையும் பிரித்தே கூறப்படுகின்றன. ஆகவே திரையின் நிறத்தைக் குறிக்கும்போது அவோ நீலம் மட்டுமே; சாலை விளக்கைக் குறிக்கும்போது அதே சொல் பச்சையாகும்.